ஆங்கிலேயர் தலையில் மட்டும் போடாதீர்கள்

தூத்துக்குடியின் காலனியக் கதையைச் சொல்லும்போது நமக்கு ஒரு வசதியான பழக்கம் படிந்துவிட்டது. வ.உ.சி. எதிர்த்து நின்றது ‘ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி’. கோரல் மில்லை நடத்தியவர்கள் ‘ஆங்கிலேய முதலாளிகள்’. மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டது ‘ஆங்கிலேயக் கலெக்டரை’. மேடைப் பேச்சிலும் நினைவுநாள் கட்டுரையிலும் வருடா வருடம் இதே வரிகள்தான் வருகின்றன. மூன்றுமே தவறு. கப்பல் கம்பெனி ஸ்காட்லாந்துக்காரர்கள் உண்டாக்கியது. மில் ஸ்காட்லாந்துச் சகோதரர்களுடையது. கலெக்டர் அயர்லாந்துக்காரர்.

இதைச் சொன்னதும் படித்தவர்களிடமிருந்து ஒரு பதில் வருகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை மறுக்கிறது. ‘அப்படியானால் அவர்களும் நம்மைப் போல இங்கிலாந்திடம் சிக்கியவர்கள்தானே? அயர்லாந்து எவ்வளவு பெரிய பஞ்சத்தைப் பார்த்தது! ஸ்காட்லாந்து மலைக்குடிகளை நிலத்தைவிட்டுத் துரத்தவில்லையா? வேல்ஸ் மொழி பேசிய பிள்ளைகளைப் பள்ளியில் தண்டிக்கவில்லையா? பேரரசு லண்டனுடையது, இவர்கள் அதன் கூலிகள்.’ 2014இல் ஸ்காட்லாந்தில் விடுதலை வாக்கெடுப்பு நடந்த பிறகு இந்தக் குரல் நம்மிடையே இன்னும் ஓங்கிவிட்டது. ஒடுக்கப்பட்ட தேசிய இனங்களின் வரிசையில் தமிழரையும் ஸ்காட்டுகளையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்ப்பதில் நம்மவர்களுக்கு ஒரு நிறைவு கிடைக்கிறது.

அந்தக் கொடுமைகள் நடந்தவைதான். அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு பொய். எங்கள் கரையின் வரலாறே அதற்குச் சாட்சி.

கப்பலிலிருந்து தொடங்குகிறேன். 1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. முதல் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தவர் வ.உ.சி. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அதை உண்டாக்கிய வில்லியம் மக்கினன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கேம்பல்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். மளிகை வியாபாரத்தில் தொடங்கி 1847இல் இந்தியாவுக்கு வந்தார். தன் ஊர்க்காரரான மெக்கென்சியோடு கூட்டுச் சேர்ந்தார். 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விட்டார். 1862இல் அந்தக் கம்பெனிதான் பி.ஐ. என்று நம் கரையில் எல்லோரும் அறிந்த பெயருக்கு மாறியது. முதல் போட்டவர்களில் கிளாஸ்கோ வணிகர்கள் முன்னே நின்றார்கள். கப்பல்களில் பல கிளைடு ஆற்றங்கரையில், டம்பார்டனில் இருந்த டென்னி தளத்தில் கட்டப்பட்டவை. கீழே கரி அள்ளிப் போட்டவர்கள் நம் நாட்டு லஸ்கர்கள். மேலே அதிகாரிகளாகவும் என்ஜினியர்களாகவும் நின்றவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம்.

லண்டன் ஆட்டுவித்த பொம்மை என்று இந்தக் கம்பெனியை யாராவது சொன்னால், ஜேம்ஸ் மக்கே யார் என்று அவர்களைக் கேட்க வேண்டும். அர்ப்ரோத் என்ற ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரில் பிறந்தவர். 1874இல் கல்கத்தாவில் மக்கினன் மெக்கென்சி அலுவலகத்தில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து பி.ஐ. கம்பெனியையே கையில் வைத்திருந்தார்; பிறகு இன்ச்கேப் பிரபு ஆனார். 1897 முதல் 1911 வரை இந்தியா மந்திரிக்கு ஆலோசனை சொல்லும் இந்தியா கவுன்சிலில் அவர் உறுப்பினர். தூத்துக்குடியில் சுதேசிக் கப்பலை நசுக்கிய வருடங்களும் அவையே. நசுக்கிய கம்பெனியின் பெரிய மனிதர் ஆட்சி மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவரையா கூலி என்பது?

தூத்துக்குடியில் பி.ஐ. கம்பெனிக்கு ஏஜென்ட் ஏ. அண்ட் எஃப். ஹார்வி. ஆண்ட்ரூ, பிராங்க் என்ற இரு ஸ்காட்லாந்துச் சகோதரர்கள். 1885இல் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பிப் பாபநாசத்தில் நூற்பாலை போட்டார்கள். 1888இல் தூத்துக்குடியில் கோரல் மில். 1892இல் மதுரையில் மதுரா மில்ஸ். கரிசல் மண்ணில் விளைந்த பஞ்சு அவர்கள் ஆலையில் நூலானது. கடலுக்குப் போகும் சரக்கும் அவர்கள் ஏஜென்சி வழியாகவே பி.ஐ. கப்பலில் ஏறியது. அந்த நாளில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. கடல் ஆழமில்லாததால் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பேல் தோணியில் போகும்; பயணிகள் லாஞ்சில் போய் அலையில் ஆடிக்கொண்டே ஏற வேண்டும். அந்த இடைவெளி முழுவதும், தோணிக் கூலி முதல் டிக்கெட் வரை, ஒரே கூட்டத்தின் பிடியில் இருந்தது. வ.உ.சி. கை வைத்தது அங்கேதான்.

அதற்கு அவர்கள் செய்ததைப் பாருங்கள். வ.உ.சி. முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலைக் குத்தகைக்கு எடுத்தார். பி.ஐ. நெருக்கடி கொடுத்தது, ஷா லைன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறு கப்பல் பிடித்தார். 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் சொந்தமாகவே வந்து சேர்ந்தன. பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. கடைசியில் பி.ஐ. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகவும், போதாதென்று ஆளுக்கொரு குடை கொடுக்கவும் முன்வந்தது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். இது லண்டன் மந்திரிசபை போட்ட உத்தரவு இல்லை. தங்கள் கல்லாவைக் காக்கக் கப்பல் முதலாளிகள் தாங்களே எடுத்த முடிவு.

அடுத்தது மில். 1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கேட்டவை கூலி உயர்வு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, மற்ற விடுப்புகள். ஓய்வுநாளைப் புனிதமாகக் கொண்டாடுவதில் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு இணையில்லை என்பார்கள். அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் தூத்துக்குடித் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தர மறுத்தார்கள். பெண்களும் சிறு பிள்ளைகளும் அந்த ஆலையில் விடியலிலிருந்து இருட்டும்வரை நின்றார்கள். ஊர் தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. மில் பக்கம் பேசியவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள், துணி வெளுக்க வண்ணார் மறுத்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் ஹார்வி நிர்வாகம் இறங்கி வந்து கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் ஒப்புக்கொண்டது.

‘மில் வந்ததால்தான் ஊர் வளர்ந்தது, ஹார்வி இல்லையென்றால் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு ஏது’ என்று இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சோறு போட்டது உழைப்பு. அந்த உழைப்புக்கு உரிய கூலியை முதலாளி மனமுவந்து தரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் பட்டினி கிடந்து, ஊரையே திரட்டித்தான் வாங்க முடிந்தது. அதற்கான விலையை வ.உ.சி. கொடுத்தார். மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், 40 வருடம். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும் கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். சுதேசிக் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. ஹார்வி மில்கள் ஒன்றாக இணைந்து பெருத்தன. நூற்கண்டு வியாபாரத்தில் உலகையே பிடித்திருந்த ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து ஜே. அண்ட் பி. கோட்ஸுடன் சேர்ந்து பிற்காலத்தில் மதுரா கோட்ஸ் ஆயின.

மூன்றாவது ஆஷ். ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்து ஐ.சி.எஸ். ஆனவர். 1908இல் தூத்துக்குடியில் இருந்த அதிகாரி. பிறகு திருநெல்வேலிக் கலெக்டர். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கொல்லப்பட்டார். சுதேசிகளை ஒடுக்குவதில் அவர் காட்டிய முனைப்புதான் அவரைக் குறியாக்கியது. அயர்லாந்துக்காரர் என்பதால் அவர் மனதில் ஒரு சலனமாவது இருந்திருக்கும் என்று நம்ப விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவருடைய செயலில் அதற்கு அடையாளமே இல்லை. 1855இல் ஐ.சி.எஸ். போட்டித் தேர்வானதும் டிரினிட்டி கல்லூரி சமஸ்கிருதமும் அரபியும் கற்பிக்க ஏற்பாடு செய்தது. இந்தியாவை ஆள ஆட்களைத் தயார் செய்வது ஓர் அயர்லாந்துக் கல்லூரியின் தொழிலாகவே ஆகிவிட்டது. ‘அவர்களெல்லாம் புராட்டஸ்டண்டுகள், உண்மையான அயர்லாந்து கத்தோலிக்க அயர்லாந்து’ என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஜாலியன்வாலாபாக் படுகொலையை நியாயப்படுத்திய பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ’டயர், டிப்பரரியின் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்துப் பிள்ளை.

ஆஷைப் பற்றி இன்னொரு கதை கொஞ்ச காலமாகப் பரவுகிறது. பிரசவ வேதனையில் இருந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணை அக்கிரகாரத்து வழியாக வண்டியில் கொண்டுபோனார், அதற்காகவே கொல்லப்பட்டார் என்பது கதை. இதற்கு ஆவணச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தைப் பேசியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைக் கண்டிக்க எனக்குத் தயக்கமும் இல்லை. வாஞ்சியின் சாதிப் பார்வையைக் கண்டிப்பதற்காக ஆஷைப் புனிதராக்க வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது? ஒடுக்கப்பட்ட மக்களின் துயரம் ஒரு காலனிய அதிகாரியின் பெயருக்குப் பூசும் சந்தனமாக ஆகிவிடக் கூடாது.

இனி, அவர்களும் துரத்தப்பட்டவர்களே என்ற வாதத்துக்கு வருகிறேன். இதுதான் கேட்பவர் மனதை அதிகம் இளக்குவது. ஸ்காட்லாந்தின் வடமலைப் பகுதியில் ஆடு வளர்ப்புக்காகக் குடியானவர்களை விரட்டினார்கள், உண்மை. விரட்டியது யார்? ராஸ்ஷைரில் நோவார் எஸ்டேட்டின் சொந்தக்காரர் சர் ஹெக்டர் மன்றோ. கிழக்கிந்தியக் கம்பெனிப் போர்களில் பெயர் எடுத்தவர். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர். இந்தியாவில் சேர்த்த பணத்தை நோவாரில் கொட்டினார். அந்த எஸ்டேட்டை ஒட்டிய ஃபைரிஷ் மலை உச்சியில் இன்றும் ஒரு கல் வளைவு நிற்கிறது. நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலை நினைவூட்டக் கட்டியது. தன் நிலத்தை ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டவர்களில் அவரும் ஒருவர். 1792இல் அந்த வட்டாரத்துக் குடியானவர்கள் திரண்டு ஆட்டு மந்தைகளை ஓட்டிவிடப் பார்த்தார்கள். சிப்பாய்கள் வந்து அடக்கினார்கள்.

சோழமண்டலக் கரையில் திரட்டிய பணமும் மலைக்குடிகளின் வெளியேற்றமும் ஒரே மனிதரின் கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்கள். துரத்தப்பட்ட குடியானவன் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டுக் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனான். சிபாரிசுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வந்தவர்கள் வேறு ஆட்கள்: போதகரின் மகன், வணிகரின் மருமகன், எஸ்டேட்காரரின் இளைய பிள்ளை. இரண்டு வகையினரையும் ‘ஸ்காட்டுகள்’ என்ற ஒரே சாக்கில் கட்டி, முதல்வனின் கண்ணீரைக் காட்டி இரண்டாமவனின் கொள்ளையை மன்னிக்கச் சொல்வது எந்த நியாயம்? 1707இல் இங்கிலாந்தோடு சேர்ந்தபோது ஸ்காட்லாந்து இழந்தது நாடாளுமன்றத்தை. பெற்றது இங்கிலாந்தின் கடல்வழிகளில் சரிபங்கு. அந்தப் பங்கை அது விடாமல் அனுபவித்தது.

முத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் கரையைப் பற்றிப் பேச முடியாது. அதிலும் ஒரு ஸ்காட்லாந்துப் பேராசிரியர் வருகிறார். ஹியூ கிளெகார்ன், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு போதித்தவர். இலங்கையில் டச்சுக்காரர்களுக்குக் காவலாக இருந்த சுவிஸ் படையின் உரிமையாளர் தெ மியூரோனை 1795இல் பேசி மடக்கி, படையையே பிரிட்டிஷார் பக்கம் திருப்பினார். கொழும்புக்குள் இருந்த தளபதிக்குப் பாலாடைக்கட்டிக்குள் ஒளித்துச் சேதி அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. 1796இல் கொழும்பு விழுந்தது. மன்னார் வளைகுடாவின் இரு கரை முத்துப் பார்களும் ஒரே அரசின் கைக்குப் போக வழி திறந்தது. கிளெகார்ன் இலங்கையின் முதல் காலனியச் செயலாளர் ஆனார். 1799 சலாபத்து, அதாவது முத்துக்குளிப்பு, விவகாரத்தில் ஆளுநர் நார்த்தோடு மோதல் வந்து, பதவியை விட்டு ஊர் திரும்பி, செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கத்தில் எஸ்டேட் வாங்கி வாழ்ந்தார்.

அந்தச் சலாபம் எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே காற்றுப் பார்த்துப் பாய் விரித்துப் படகுகள் பாருக்குப் போகும். குளியாள் காலைக் கல்லில் வைத்து, மூக்கைப் பிடித்து, மூச்சடக்கி இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு நிமிடத்துக்குள், மிஞ்சினால் அதற்குச் சற்று மேலே, கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஏற வேண்டும். சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இருந்தால்தான் இறங்குவோம் என்று குளியாட்கள் நின்றதால் சர்க்காரே கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. மதியம் படகு கரை சேர்ந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு. மீதி ஒன்றில்தான் குளியாளும் கயிறு பிடித்தவரும் படகுக்காரரும் பங்கு போட வேண்டும். சில குளியாட்களுக்குக் காதிலும் மூக்கிலும் இரத்தம் வரும். மன்னர் காலத்திலும் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் காலத்திலும் இந்தக் குளியாள் சுரண்டப்பட்டார் என்பது தெரிந்ததுதான். புதிய ஆட்சி அந்தச் சுரண்டலைக் கணக்குப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தது.

நூறு வருடம் கழித்து எடின்பரோவில் பிறந்த இன்னொரு பேராசிரியர் வந்தார். கடலுயிரியல் அறிஞர் வில்லியம் ஹெர்ட்மன் 1902இல் இலங்கைப் பார்களை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை அறிவியலில் இன்றும் மதிக்கப்படுகிறது. அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து வந்தது எது? 1906இல் ஒரு லண்டன் கம்பெனிக்கு முத்துப் பார்களை 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1905இல் கோடிக்கணக்கில் சிப்பி அள்ளிய கடல் 1907க்குப் பிறகு வறண்டது. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனி கலைந்தது. இங்கே லண்டன் பணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாதையைப் போட்ட கைகளில் ஒன்று எடின்பரோவினுடையது.

பாளையக்காரர் போர்களில் இந்த ஆட்கள் எங்கே நின்றார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1783இல் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கர்னல் வில்லியம் ஃபுல்லார்டன் அயர்ஷைர்க்காரர். 1801இல் ஊமைத்துரையை எதிர்த்துப் படை நடத்திய மேஜர் காலின் மெக்காலேயும் கர்னல் அக்னியூவும் ஸ்காட்டுகள். அப்போது சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ். கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல், அயர்லாந்தில் பிறந்த வெல்லெஸ்லி. ஃபுல்லார்டன் பிற்காலத்தில் டிரினிடாட் தீவுக்குப் போனார். அங்கே ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்ய உத்தரவிட்டதாக, வேல்ஸ்காரரான கவர்னர் பிக்டன்மீது அவர்தான் குற்றம் சாட்டி வழக்காட வைத்தார். மெக்காலேயின் உடன்பிறந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளைக் கொடுத்த சக்கரி மெக்காலே. இதயமில்லாதவர்கள் இல்லை இவர்கள். மனித நேயம் எங்கே பேச வேண்டும், எங்கே பேசக் கூடாது என்று அவர்கள் ஒரு எல்லை போட்டு வைத்திருந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி அந்த எல்லைக்கு வெளியே இருந்தது.

வேல்ஸைச் சின்ன நாடு என்று விட்டுவிட முடியாது. சென்னையில் பாரிமுனை என்று நாம் நாள்தோறும் சொல்லும் இடத்துக்குப் பெயர் கொடுத்த தாமஸ் பாரி, வேல்ஸின் வெல்ஷ்பூல் பக்கத்துக்காரர். 1788இல் வந்து வட்டிக்கடை, அவுரி, தோல் என்று வளர்ந்து, 1824இல் பரங்கிப்பேட்டையில் செத்தார். திப்பு சுல்தானின் கூடாரத்தை இன்று பார்க்க வேண்டுமானால் வேல்ஸில் உள்ள பவிஸ் கோட்டைக்குப் போக வேண்டும். எட்வர்ட் கிளைவின் மனைவி அந்தக் கோட்டைக் குடும்பத்துப் பெண்.

தூத்துக்குடித் துறைமுகம் ஏற்றி அனுப்பிய சரக்குகளில் என்னை அதிகம் உறுத்துவது பஞ்சும் இல்லை, முத்தும் இல்லை. மனிதர்கள். இலங்கை மலைக் காட்டை அழித்துக் காப்பித் தோட்டமும் பிறகு தேயிலைத் தோட்டமும் போட்ட துரைமார்களில் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்காரர்கள் ஏராளம். 1867இல் லூல்கந்துராவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லர் அந்தப் பகுதியிலிருந்து வந்தவர். 1890இல் தோட்டங்களை வாங்கிக் குவித்த தாமஸ் லிப்டன், அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன பெற்றோருக்குக் கிளாஸ்கோவில் பிறந்தவர். பஞ்சத்தில் அடிபட்ட குடும்பத்துப் பிள்ளை, பஞ்சத்தில் அடிபட்ட திருநெல்வேலி, இராமநாதபுரம் ஜனங்களின் உழைப்பில் கோடீஸ்வரர் ஆனார். ‘துன்பம் கண்டவன் துன்பம் அறிவான்’ என்று வாதிடுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பார். தட்டப்பாறை முகாமில் அடைத்து, நோய் பார்த்து, உடம்பையும் மூட்டையையும் சோதித்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக் கப்பலில் ஏற்றுவார்கள். தோட்டத்தில் லயத்தில் ஓர் அறை. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போவதென்றால் ‘துண்டு’ வேண்டும். அந்தக் காகிதத்தில் ஆளின் கடன் எழுதியிருக்கும், புதிய துரை அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி வழியும் திறக்கும்வரை கொழும்புப் போக்குவரத்தில் எங்கள் துறைமுகமே முன்னே நின்றது. கப்பல் ஸ்காட்டுகளுடையது, ஏஜென்ட் ஸ்காட்டுகள், போய்ச் சேர்ந்த தோட்டங்களில் கணிசமானவை ஸ்காட்டுகளுடையவை. மலையகத் தோட்டங்கள் பலவற்றின் பெயர்கள் இன்றும் ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர்கள்தான். அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே அங்கே நம் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள்.

கால்டுவெல்லைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று தெரியும். அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, 1838இல் சென்னை வந்து, இடையன்குடியில் வாழ்ந்து அங்கேயே புதைக்கப்பட்டவர். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்குத் தமிழர் என்றும் கடன்பட்டவர்கள். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தவரும் அவர்தான். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. அதை வைத்து மக்கினனுக்கும் ஹார்விக்கும் ரசீது கிழித்துக் கொடுக்காதீர்கள். திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதிய கால்டுவெல்லே 1801இல் நாடு கம்பெனியின் கைக்கு வந்ததை நன்மை என்றுதான் கருதினார். ஒருவர் தமிழுக்குச் செய்த பணியைக் கொண்டாடவும், அவருடைய அரசியலை ஏற்காமலிருக்கவும் நமக்குத் தெரியாதா என்ன?

அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கிறார்கள். பேரரசில் பிறந்தவன் பேரரசுக்குத்தானே உழைக்க முடியும் என்கிறார்கள். இருந்தது. டப்ளினில் அச்சகம் நடத்திய ஆல்ஃப்ரட் வெப் அயர்லாந்தின் தன்னாட்சிக்காகப் போராடியவர். 1894இல் சென்னையில் கூடிய காங்கிரசுக்கு அவர்தான் தலைவர். ஸ்காட்லாந்துக் குடும்பத்தவரான வில்லியம் வெட்டர்பர்ன் ஐ.சி.எஸ். வேலையில் இருந்துவிட்டே காங்கிரசின் பக்கம் வந்து இரண்டு முறை தலைமை தாங்கினார். 1920இல் ஜலந்தரில் கன்னாட் ரேஞ்சர்ஸ் படையின் அயர்லாந்துச் சிப்பாய்கள், தங்கள் ஊரில் நடக்கும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். ஜேம்ஸ் டேலி என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றது ராணுவம். இவர்களெல்லாம் அதே மண்ணில் பிறந்தவர்கள். பிறப்பு அவர்களை எந்தப் பக்கமும் கட்டிப் போடவில்லை. ஆகவே ஆஷும் ஹார்வியும் இன்ச்கேப்பும் எடுத்தது அவர்களே தேர்ந்துகொண்ட பக்கம்.

கியர் ஹார்டியையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் பத்து வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், தொழிற்சங்கம் கட்டியவர், வேல்ஸின் மெர்தர் டிட்வில் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொழிற்கட்சித் தலைவர். 1907இல் இந்தியா வந்து சுதேசி இயக்கத்தின் பக்கம் நின்று பேசினார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரைத் திட்டித் தீர்த்தன. அவர் வந்து போன சில மாதங்களிலேயே கோரல் மில் தொழிலாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்கு எதிரே நின்ற முதலாளிகள் ஹார்டியின் நாட்டுக்காரர்கள்.